பூமிக்கு ஒரு பிடி உப்பு

வடிவம்மாள் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டாள். கூரைமேல் சோலார் வையுங்கள், முற்றத்தில் ஜெனரேட்டர் வையுங்கள், வீடு முழுக்க ஒயர் இழுங்கள், அதெல்லாம் உங்கள் பாடு. ஆனால் அந்தச் சாமான்களால் அம்மிணிக்கு ஒரு கேடு வந்தால், அன்றைக்கே பெட்டியைக் கட்டிக்கொண்டு வலியசாலையில் தங்கை வீட்டுக்குப் போய்விடுவேன். அப்புறம் டீக்கடைக்குப் பால் எங்கே கிடைக்கிறது என்று நீங்களே தேடிக்கொள்ளுங்கள்.

அம்மிணி அவளுடைய பசு. கல்லாற்றிலிருந்து பொன்முடிக்கு ஏறும் சாலையில், இரண்டாவது கொண்டை ஊசி வளைவில் அவள் புருஷன் தளவாயின் டீக்கடை. கடைக்குப் பின்னால் சரிவில் ஏறினால் வீடு. அது கன்றுக்குட்டியாக இருந்தபோது, டீ குடிக்க வந்த மலையாளத்து டிரைவர்கள் யாரோ வைத்த பெயர் அப்படியே நிலைத்துவிட்டது. கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கும். பிடிக்காத ஆள் கூப்பிட்டால் திரும்பாது.

அம்மிணியின் தாய் செவலையை இரண்டு வருஷத்துக்கு முன் ஐப்பசியில் இடி கொண்டுபோயிற்று. பலா மரத்தடியில் மேய்ந்துகொண்டிருந்தது. மரத்தின் பட்டையில் ஒரு கீறல், அவ்வளவுதான். மாட்டின் மேல் ஒரு காயமும் இல்லை. வாயில் கவ்விய புல் வாயிலேயே இருந்தது. மரம் நிற்க மாடு ஏன் விழுந்தது என்று வடிவம்மாள் எத்தனையோ பேரிடம் கேட்டாள். விதி என்றார்கள். விதிக்குப் பலா மரத்தின் மேல் மட்டும் என்ன தயவு என்று அவள் திருப்பிக் கேட்டாள்.

இரண்டாயிரத்து இரண்டிலும் கரண்ட் கம்பி கல்லாற்றுப் பாலத்தோடு நின்றிருந்தது. இனி அது மலையேறி வரும் என்று காத்திருக்கத் தளவாய்க்குப் பொறுமை இல்லை. சோலார் போதும் என்றான். மழைக்காலத்தில் வாரக்கணக்கில் மூடிக் கிடக்கும் வானத்தை நினைத்து, துணைக்கு ஒரு ஜெனரேட்டரும் வாங்கினான். இரண்டையும் மாட்டித்தர திருவனந்தபுரத்திலிருந்து வீரபாண்டி என்ற வயர்மேனைப் பிடித்து வந்தான். சங்கரன்கோவில் பக்கத்துக்காரர், நாற்பது வயதிருக்கும், கட்டட வேலைக்கு வந்து ஒயர் வேலை படித்தவர். அதிகம் பேசமாட்டார். எந்த இரும்பைத் தொடுவதானாலும் முதலில் புறங்கையால்தான் தொடுவார். டீ டம்ளரைக்கூட அப்படித்தான் தொட்டுப் பார்த்தார். உள்ளங்கையால் தொட்டால் கரண்ட் கையை இறுக்கிப் பிடித்துக்கொள்ளுமாம், புறங்கை என்றால் தள்ளிவிடுமாம்.

வந்தவர் கூரையை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. முற்றத்தில் குந்தி உட்கார்ந்து மண்ணைக் கிள்ளிக் கிள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாமானு மேல வைக்கணும்னு விளிச்சா, இவரு கீழ கிண்டிட்டு இருக்காரே," என்றான் தளவாய்.

"அண்ணாச்சி, கரண்ட்டு தப்பிச்சு வெளிய வந்தா அது போறதுக்கு ஒரு வழி வேணும்லா. நாம வழி விடலைன்னா அதுவா ஆளு மேல வழி போட்டுரும். முதல்ல எர்த்து. மத்ததெல்லாம் பொறவு."

கடப்பாறை இரண்டு சாண் இறங்குவதற்குள் 'டங்' என்றது. முற்றம் முழுக்க மேல்தோலுக்கு மண், அடியில் பாறை. இருந்தாலும் இரும்புக் கம்பிகள் இரண்டைப் பத்தடி தள்ளித் தள்ளி, இறங்கிய மட்டும் இறக்கினார். ஜெனரேட்டரை ஓடவிட்டு, அதன் ஒரு ஒயரை ஒரு கம்பியில் கட்டினார். இன்னொரு ஒயரை ஒரு நூறு வாட்ஸ் பல்புக்குக் கொடுத்து, பல்பின் மறு ஒயரை இரண்டாவது கம்பியில் மாட்டினார். எல்லோரையும் தள்ளி நிற்கச் சொன்னார்.

"அங்கயிருந்து இங்க வர ஒயரே இல்லியே," என்றாள் வடிவம்மாள். "பின்னே எப்படி எரியும்?"

"மிச்ச ஒயரு பூமிதான்கா."

கேலி செய்கிறார் என்று நினைத்தாள். பல்புக்குள் பீடி நுனி அளவுக்கு ஒரு சிவப்பு தெரிந்தது. தளவாய் கை தட்டினான். வீரபாண்டி உதட்டைப் பிதுக்கினார்.

"இந்த மண்ணு வேலைக்காவாது. பாறை கரண்ட்டை விடமாட்டேங்குது."

கம்பியைப் பிடுங்கி வேறு இடம், அங்கிருந்து பிடுங்கி இன்னொரு இடம். எங்கும் அதே பீடி நெருப்புதான். மத்தியானம் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்த வடிவம்மாளுக்கு அலுத்துப்போயிற்று.

"தம்பி, உங்களுக்கு வேண்டியது வெள்ளம் வத்தாத மண்ணுதானே? அதைச் சொல்லித் தொலைக்கக் கூடாதா? தொழுத்துக்குக் கீழ சேம்பு நிக்கே, அங்க போய்க் குத்துங்க. பங்குனியிலகூட அது வாடாது."

வீரபாண்டி அவளை அப்போதுதான் சரியாகப் பார்த்தார்.

மாட்டுத் தொழுவம் வீட்டுக்குக் கீழே சரிவில் இருந்தது. அம்மிணியைக் கழுவும் தண்ணீர், அவள் பெய்யும் மூத்திரம், மேலேயிருந்து கசியும் ஊற்று, எல்லாம் அங்கே வந்து தேங்கி நெஞ்சளவுக்குச் சேம்பு வளர்ந்து கிடந்தது. மாட்டை அவிழ்த்து மேலே கொண்டுபோய்க் கட்டிவிட்டு வந்தார்கள். கடப்பாறை வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கிற்று. ஒரு கம்பி இங்கே, இன்னொன்று இருபது அடி தள்ளி ஓடைக்கரையில். வீரபாண்டி கையை உயர்த்த, தளவாய் ஜெனரேட்டரின் சுவிட்சைப் போட்டான்.

பட்டப்பகலில் கண் கூசும்படி எரிந்தது பல்பு.

வடிவம்மாள் பல்பைப் பார்க்கவில்லை. இரண்டு கம்பிகளுக்கும் நடுவே கிடந்த சேற்றைப் பார்த்தாள். சாணி, புழு, அழுகிய இலை, மாட்டுக் குளம்பின் தடம். அதற்குள்ளேதான் அது போய்க்கொண்டிருக்கிறது. ஒரு சத்தமில்லை, ஒரு புகையில்லை. இருபது வருஷமாகத் தினமும் துடைப்பத்தால் அடித்துக் கூட்டிய சேறு. அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. தன்னை அறியாமல் செருப்பைக் கழற்றப் போனாள்.

"செருப்பைக் கழத்தாதீங்கக்கா!" என்று கத்தினார் வீரபாண்டி.

ஜெனரேட்டரை நிறுத்தியபிறகு அவர் சொன்ன அடுத்த விஷயம் அவள் தலையில் கல்லைப் போட்டதுபோல் இருந்தது. எர்த்துக் குழி இங்கேதான், ஆனால் மாடு இங்கே நிற்கக்கூடாது. கூரையில் நடப்போகும் இடிதாங்கிக்கும் வழி இந்தக் குழிதான். இடி விழுந்தால் குழியில் இறங்கி நாலு பக்கமும் மண்ணில் பரவும்.

"மனுசனுக்கு ரெண்டு கால் பக்கத்துல பக்கத்துல இருக்கு. மாட்டுக்கு முன்னங்கால் ஒரு இடம், பின்னங்கால் அஞ்சடி தள்ளி ஒரு இடம். முன்னங்கால் வழியா ஏறி, வயித்துக்குள்ளயும் நெஞ்சுக்குள்ளயும் பூந்து, பின்னங்கால் வழியா இறங்கிரும். மேல ஒரு காயமும் இருக்காது."

வடிவம்மாள் அப்படியே சேம்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு வருஷமாக யாரும் சொல்லாத பதில். செவலை மரத்தைத் தொடக்கூட இல்லை, மண்ணில் நாலு காலை ஊன்றி நின்றது, அதுதான் அது செய்த குற்றம். அழுகை வந்தது. அழுதாள்.

எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு புருஷனிடம், "தொழுத்தைப் பிரிங்க," என்றாள். "அடுக்களைப் பின்சுவரோட சேத்துக் கட்டுங்க. நாளைக்கே."

"நாளைக்கேவா? கடை?"

"கடை எங்கயும் ஓடிராது."

பிறகு நாலு நாள் வேலை நடந்தது. வீரபாண்டி ஒரு மூட்டை கல்லுப்பும் ஒரு மூட்டை சிரட்டைக்கரியும் கேட்டார். "உப்பும் கரியும் வச்சு பூமிக்கு என்ன குழம்பு வைக்கப் போறீங்க தம்பி?" என்று கேட்டுக்கொண்டே வடிவம்மாள் கரியை உடைத்துக் கொடுத்தாள். எட்டடிக் குழி. நடுவில் ஓட்டை போட்ட இரும்புக் குழாய், அதைச் சுற்றி ஒரு அடுக்கு கரி, ஒரு அடுக்கு உப்பு. இரண்டும் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மேலே இரண்டடிக்கு மண் போட்டார். கூரையில் சோலார் பலகைகளின் சட்டம், உள்ளே இன்வெர்ட்டரின் பெட்டி, வெளியே ஜெனரேட்டரின் உடம்பு எல்லாவற்றிலிருந்தும் கம்பி வந்து அந்த ஒரே குழாயில் சேர்ந்தது. ஜெனரேட்டரின் நியூட்ரல் ஒயரையும் அதிலேயே கட்டினார். இடிதாங்கியின் தகட்டுப் பட்டை மட்டும் தனியாக, வளைவே இல்லாமல் அடுக்களையின் கீழ்ச்சுவரோடு நேராக இறங்கிக் குழிக்குப் போயிற்று. இடிக்கு வளைவு பிடிக்காது என்றார். "அப்ப இடி நம்ம ரோட்டுல பஸ் ஏறி வராது," என்றான் தளவாய்.

அவனுக்கு ஜெனரேட்டரை அடுக்களையை ஒட்டிய விறகுப் புரைக்குள் வைக்க ஆசை. மழை படாதாம். அடுக்களைக்குள் புகை வந்தால் தூக்கத்திலேயே எல்லோரும் போய்விடுவீர்கள் என்று சொல்லி, வீட்டை விட்டுத் தள்ளித் தனியாக ஒரு தகரக் கூரை போடவைத்தார் வீரபாண்டி. சுவரில் ஒரு கைப்பிடி சுவிட்ச் வைத்தார். மேலே தள்ளினால் சோலார், கீழே தள்ளினால் ஜெனரேட்டர், நடுவில் நிறுத்தினால் இரண்டுமில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் வீட்டுக்குள் வர வழியே இல்லை. இடிச் சத்தம் கேட்டால் கைப்பிடி நடுவுக்கு வரவேண்டும், குழிப் பக்கம் ஒரு ஜீவனும் போகக்கூடாது. இதை வடிவம்மாளை மூன்று தடவை சொல்லவைத்துக் கேட்டார்.

கடைசியில் கையால் சுற்றும் ஒரு மீட்டரைக் கொண்டுவந்து குழியை அளந்தார். பல்பு ஏமாற்றும், மீட்டர் ஏமாற்றாது, முள் ஐந்தைத் தாண்டாவிட்டால் நல்ல குழி என்றார். முள் நாலில் நின்றது. அவர் முகத்தில் சிரிப்பைப் பார்த்தது அன்றைக்குத்தான்.

"அக்கா, அம்மிணிக்கு நான் ஜவாப். வெயில் காலத்துல தினம் ஒரு குடம் வெள்ளம் குழாயில ஊத்துங்க, அது போதும். மூடுறதுக்கு சிலாப் வார்த்துப் போட்டிருக்கேன். காயட்டும், பத்து நாள் கழிச்சு வந்து வைக்கேன். அதுவரைக்கும் பலகை கிடக்கட்டும்."

அவர் போனபிறகு அடுக்களையில் பல்பு எரிந்தது. தளவாய் அதன் கீழே உட்கார்ந்து பேப்பர் படித்தான். வடிவம்மாளுக்கு மனசெல்லாம் குழியில் இருந்தது. தண்ணீர் ஊற்றினால் போதும் என்றார் அவர். போதுமா? இவ்வளவு பெரிய ஒன்றுக்கு வெறும் தண்ணீரா? தென்காசிப் பக்கத்தில் அவள் சின்ன வயதில் கையில் மரு வந்தபோது அம்மன் கோவிலில் உப்பும் மிளகும் போட்டிருக்கிறாள். மரு உதிர்ந்துவிட்டது. குழிக்கு வீரபாண்டியே ஒரு மூட்டை உப்பு போட்டாரே, பூமிக்கு உப்பு பிடித்திருக்கிறது என்றுதானே அர்த்தம்? மறுநாள் காலையில் குளித்துவிட்டு, பலகையை நகர்த்தி ஒரு குடம் தண்ணீர் ஊற்றினாள். குழாயைச் சுற்றி ஒரு பிடி கல்லுப்பும் நாலு மிளகும் போட்டாள். அம்மிணியைக் காப்பாத்து என்று ஒரு வார்த்தை சொன்னாள். அடுத்த நாளும் போட்டாள். புருஷனிடம் சொல்லவில்லை, சிரிப்பான்.

பதினோராவது நாள் மத்தியானம் வீரபாண்டி சிலாப் வைக்க வந்தார். கப்பக்கிழங்கும் மீன்கறியும் வைத்தாள். அவர் கை கழுவும்போது பொன்முடிப் பக்கம் வானம் கறுத்து ஒரு உறுமல் கேட்டது. ஐப்பசியில் மூன்று மணிக்கு இது வழக்கம்தான். மழை இன்னும் தொடங்கவில்லை.

"இடி கேட்டாச்சு. சிலாப்பு பொறவு," என்றார். வடிவம்மாள் அவர் சொல்லுமுன்பே கைப்பிடியை நடுவில் நிறுத்தியிருந்தாள். அவருக்குத் திருப்தி. நாற்காலியை வராந்தாவின் உள்பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

வடிவம்மாள் முற்றத்தில் காயப்போட்ட துணியை எட்டி எடுத்தாள். அப்படியே கீழே பார்த்தாள். துணி கையிலிருந்து விழுந்தது.

அம்மிணி குழிக்கரையில் நின்றுகொண்டிருந்தாள். கழுத்தில் கயிறு, கயிற்று நுனியில், மேயக் கட்டிய இடத்திலிருந்து பிடுங்கி வந்த முளைக்குச்சி. மூக்கால் பலகையைத் தள்ளிவிட்டுக் குழாயைச் சுற்றி மண்ணை நக்கிக்கொண்டிருந்தாள். நாலு காலையும் நன்றாக அகட்டி, இத்தனை வருஷம் நின்ற அதே இடத்தில்.

"அம்மிணீ!"

இறங்க ஓடினாள். வீரபாண்டி குறுக்கே வந்து கையை விரித்தார். "போவாதீங்கக்கா. நீங்களும் போனா ரெண்டு உசிரு."

"என் மாடு!"

"நான் போறேன். நான்லா வாக்கு கொடுத்தேன்." அவர் படியில் கால் வைத்தார். முகம் வெளுத்திருந்தது. வடிவம்மாள் அவர் சட்டையைப் பின்னாலிருந்து இறுக்கிப் பிடித்தாள்.

"உமக்கு மட்டும் இரும்புக் காலா? நில்லுங்க!"

உறுமல் நெருங்கிவிட்டது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு படியில் நின்றார்கள்.

"அங்க என்னத்தை நக்குது?" என்றார் அவர். "உப்பு ரெண்டடி மண்ணுக்குக் கீழலா கிடக்கு."

"நான்தான் போட்டேன்." பிடித்த சட்டையை அவள் விடவில்லை. "தினமும் ஒரு பிடி. பூமிக்குன்னு போட்டேன் தம்பி. இவளைக் காப்பாத்தணும்னு போட்டேன்."

அவர் நிமிர்ந்து வானத்தைப் பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

கஞ்சித்தண்ணி வாளியை எடுத்துக் கரண்டியால் அடித்தாள். எந்த நாளும் அந்தச் சத்தத்துக்கு ஓடி வருகிறவள், காதை ஆட்டினாள், அவ்வளவுதான். நாக்கு நிற்கவில்லை. உப்பின் ருசி அப்படி. மேலே மலையில் ஒரு வெளிச்சம் வெட்டிற்று. வீரபாண்டி எண்ணினார். ஏழு எண்ணுவதற்குள் சத்தம் வந்துவிட்டது.

அப்போதுதான் வடிவம்மாளுக்குக் கன்றின் நினைவு வந்தது. அடுக்களைக்குள் ஓடி, பின்கதவைத் திறந்து புதுத் தொழுவத்துக்குள் நுழைந்தாள். ஒன்றரை மாதக் கன்று, வைக்கோலில் சுருண்டு தூங்கியது. அதன் காதைப் பிடித்து முறுக்கினாள். தன் வாழ்நாளில் அவள் ஒரு கன்றை அடித்ததில்லை. கன்று திடுக்கிட்டு எழுந்து முழித்தது.

"கத்துடா," என்றாள். "உங்கம்மைய விளிடா, கத்து!" இன்னும் பலமாக முறுக்கினாள். கண்ணீர் மூக்கு வழியாக ஒழுகியது.

கன்று கத்திற்று. அந்தச் சின்ன உடம்புக்குள்ளிருந்து அப்படி ஒரு அலறல் வரும் என்று யாரும் நினைக்கமாட்டார்கள். கீழே அம்மிணியின் தலை நிமிர்ந்தது என்று வீரபாண்டி பிறகு சொன்னார். நாக்கு வெளியே தொங்க ஒரு கணம் நின்றாளாம். மறுபடி மண்ணைப் பார்த்தாளாம். கன்று இரண்டாம் தடவை கத்தியதும் திரும்பினாள். மடி இரண்டு பக்கமும் ஆட, முளைக்குச்சி கல்லில் மோதி மோதித் தெறிக்க, சரிவில் ஏறி ஓடி வந்தாள். "வாராக்கா, வாரா, வாரா!" என்று வராந்தாவிலிருந்து கூவினார்.

அம்மிணி தொழுவத்துக்குள் நுழைந்து கன்றின்மேல் மூக்கை வைத்தாள். வடிவம்மாள் கயிற்றைப் பற்றினாள்.

உலகம் வெள்ளையாகிப் போயிற்று.

முதலில் சத்தமே இல்லை. தொழுவத்தின் ஓலையில் ஒவ்வொரு ஈர்க்கும் தனித்தனியாகத் தெரிந்தது. அம்மிணியின் கண்ணுக்குள் ஒரு சின்ன வெள்ளைக் கம்பி நின்றது. பிறகு மலை உடைந்து தலையில் விழுந்ததுபோல் சத்தம். அது காதில் கேட்டதா, எலும்பில் கேட்டதா என்று அவளால் சொல்ல முடியவில்லை. பசுவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

பிறகு அடுக்களைக்குள் வந்து ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தாள். இட்லிப் பானையின் மூடியைத் திறந்ததுபோல் குழாயின் வாயிலிருந்து ஆவி குபுகுபுவென்று ஏறிக்கொண்டிருந்தது. சுற்றி நின்ற சேம்பிலைகள் வெந்து தரையோடு படுத்துக் கிடந்தன. வானத்திலிருந்து வந்தது, கூரையைத் தாண்டி, சுவரோடு இறங்கி, மண்ணுக்குள் போய்விட்டது. அந்தச் சுவரின் உள்பக்கம்தான் அவள் கரண்டிகள் தொங்கின. ஒன்றுகூட விழவில்லை. அஞ்சறைப்பெட்டி வைத்த இடத்தில் இருந்தது. இவ்வளவு பெரிய ஒன்று ஒரு சாண் சுவருக்கு அந்தப் பக்கமாக ஒதுங்கிப் போயிருக்கிறது. அவளுக்குப் பயம் போய்விட்டிருந்தது. பயம் இருந்த இடத்தில் வேறொன்று நின்றது, அதற்கு அவளிடம் பெயர் இல்லை. இரண்டு கையையும் கூப்பினாள்.

பிறகு மழை கொட்டிற்று.

மழை ஓய்ந்து, இடி தெற்கே போய், மேலும் அரைமணி நேரம் கழிந்தபிறகுதான் வீரபாண்டி கீழே இறங்கினார். குழாயைப் புறங்கையால் தொட்டார். மீட்டரைச் சுற்றினார். முள் நாலில் நின்றது. ஏறி வந்து கைப்பிடியை மேலே தள்ளினார். அடுக்களையில் பல்பு எரிந்தது.

"இருபது வருசமா குழி தோண்டுதேன்கா," என்றார். "அது வந்து இறங்குனதை இன்னைக்குத்தான் கண்ணால பாத்தேன்."

தளவாய் கடையிலிருந்து மூச்சிரைக்க ஓடி வந்தான். "இங்கதானே விழுந்துச்சு? எல்லாரும் இருக்கீங்களா?"

"இருக்கோம்," என்றாள் வடிவம்மாள். "பெரிய ஆளு ஒருத்தரு வந்தாரு. வந்த வழியே போகாம, நாம போட்ட வழியே போயிட்டாரு."

அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. மாட்டைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தான். மேல்மண்ணை உப்போடு சுரண்டி ஓடையில் கொட்டிவிட்டு, அன்று சாயங்காலமே சிலாப்பை வைத்துச் சிமெண்டு பூசினார் வீரபாண்டி. சுற்றி வேலி கட்டத் தளவாயைக் கம்பு வெட்ட அனுப்பினார். உப்பைப் பற்றி அவனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மறுநாள் காலையில் வடிவம்மாள் குளித்துவிட்டுக் குடத்தோடு இறங்கினாள். வழக்கம்போல் இன்னொரு கையில் ஒரு பிடி உப்பும் வந்துவிட்டது. சிலாப்பின் ஓட்டை வழியாகத் தண்ணீரை ஊற்றினாள். அது உள்ளே இறங்கும் சத்தம் நிற்கும்வரை காத்திருந்தாள்.

"உனக்கு வெள்ளம் போதும்னு அவரு அன்னைக்கே சொன்னாரு," என்றாள். "எனக்குத்தான் போதலை."

உப்பைப் போடாமல் மேலே ஏறித் தொழுவத்துக்குள் போய் அம்மிணியின் முன்னால் கையை விரித்தாள். சொரசொரப்பான நாக்கு உள்ளங்கையை ஒரு கல் விடாமல் நக்கித் துடைத்தது. இன்னொரு கையால் கன்றின் காதைத் தேடிப் பிடித்தாள். கன்று பயந்து பின்வாங்கிற்று. அது தானாக அருகில் வரும்வரை, கையை நீட்டியபடியே அவள் அங்கே நின்றாள்.